35 இன்ச் டயருக்கு 4.88 கியர்: 11,000 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் என் ரிவ்யூ

வண்டி ஜீப் ராங்ளர் ஜேகே, 2013 மாடல், நாலு டோர், 3.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அஞ்சு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். கம்பெனில இருந்து வந்தப்ப ஆக்சில் ரேஷியோ (வீல் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணுங்கற கணக்கு) 3.73, டயர் 32 இன்ச். டயர 35 ஆக்கி ஒரு வருஷம் அப்படியே ஓட்டினேன், அப்புறம்தான் முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்சில்லயும் கிரவுன் பினியன (உள்ள இருக்கற பெரிய பல் சக்கரமும் அத சுத்த வைக்கற சின்னதும் சேந்த ஜோடி) மாத்தி 4.88 போட்டேன். கியரப் பத்தியும் சொல்றேன், அத மாட்டிக் கொடுத்த ரெண்டு ஒர்க்‌ஷாப்பப் பத்தியும் சொல்றேன், ஏன்னா சாமான் நல்ல சாமானா இருந்தும் முதல் இடத்துல வேலை சரியில்லாம பின்னாடி ஆக்சில மறுபடி முழுசா பிரிக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல 35 போட்டு 3.73லயே ஓட்டின அந்த ஒரு வருஷம். வண்டி பாக்க அம்சமா இருந்துச்சு, ஓட்டத்தான் மனசு வரல. ஆக்சிலேட்டர மிதிச்சா முன்னாடி மாதிரி கெளம்பாது, யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்கும். சமமான ரோட்டுல அஞ்சாவது கியர்ல போயிட்டிருக்கும், லேசா ஒரு ஏத்தம் வந்தா போதும் நாலுக்கு இறங்கும், உடனே அஞ்சுக்கு ஏறும், மறுபடி நாலு, நாள் பூரா இதே வேலை. அப்படி மாறி மாறி இறங்கி ஏறுறதுல கியர்பாக்ஸ் ஆயிலும் சூடாகுது, அது எனக்கு ரொம்ப உறுத்திச்சு.

காரணம் சிம்பிள். டயர் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி கூடுதல் தூரம் போகுது, அப்ப அதே வேகத்துக்கு இன்ஜின் கம்மியா சுத்துது. நான் சாக்பீஸ் எடுத்து டயர்ல ஒரு கோடு தரையில ஒரு கோடு போட்டு, வண்டிய மெதுவா தள்ளி டயர்ல இருக்கற கோடு மறுபடி கீழ வர்ற எடத்துல இன்னொரு கோடு போட்டு டேப்பால அளந்தேன். பழைய டயர்ல 2 மீட்டர் 48 சென்டி வந்துச்சு, புது டயர்ல 2 மீட்டர் 70. டயர் மேல 35னு போட்டிருந்தாலும் வண்டி வெயிட் உக்காந்து அமுங்கினப்புறம் உருளுற அளவு 34கூட வராதுங்கறத இதுலதான் பாத்தேன், நீங்களும் கணக்கு போடறதா இருந்தா இப்படி அளந்துட்டு போடுங்க. இந்த அளவ வச்சுப் பாத்தா நிஜமான 100 கிலோமீட்டர் வேகத்துல, அஞ்சாவது கியர்ல, பழைய டயருக்கு இன்ஜின் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2,080 சுத்து சுத்தணும், புது டயருக்கு 1,900 சுத்தினாப் போதும். கம்மியா சுத்துனா நல்லதுதானேன்னு தோணும், ஆனா இந்த 3.6 இன்ஜினோட முழு டார்க் (சுத்தற விசை) 4,800 ஆர்பிஎம்லதான் வருது, அது கீழ இழுக்கற இன்ஜினே கிடையாது. 1,900ல வச்சு பெரிய வண்டிய இழுன்னா அது எப்படி இழுக்கும், பாவம்.

இன்னொண்ணு வெயிட். ரிம்மோட சேத்து எடை போட்டுப் பாத்தப்ப ஒவ்வொரு வீலும் பழசவிட 14 கிலோ கூட இருந்துச்சு. அந்த வெயிட்டும் நடுவுல இல்ல, ஓரத்துல, டயர் ரப்பர்ல இருக்கு, அதனால ஒவ்வொரு தடவ வேகம் எடுக்கறப்பவும் பிரேக் புடிக்கறப்பவும் அத சுத்த வைக்கணும், நிறுத்தணும். பிரேக்க எந்த கியரும் சரி பண்ணாது, அது தனிக் கதை, அதையும் கவனிச்சுக்கோங்க.

ரேஷியோ கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பழைய ரேஷியோவ புது டயர் சைஸால பெருக்கி பழைய டயர் சைஸால வகுக்கணும். 3.73 பெருக்கல் 35 வகுத்தல் 32, விடை 4.08. அப்ப 4.10 போட்டா போதுமேன்னு கேப்பீங்க. போதாதுங்கறது என் கருத்து. 4.10 உங்களுக்கு பழைய ஆர்பிஎம்ம மட்டும்தான் திருப்பிக் கொடுக்குது, கூடின வீல் வெயிட்டு, லிஃப்ட் பண்ணி வண்டி ஒசந்ததால வர்ற காத்து எதிர்ப்பு, மண் டயரோட உராய்வு, கூரை மேல ஏத்துற சாமான், இதெல்லாம் அந்தக் கணக்குல வரவே வராது. அதனால 4.56ஆ 4.88ஆங்கறதுதான் எனக்கு நிஜமான கேள்வி. நான் காடு மேடுன்னு நிறைய போறவன், சாமானும் ஏத்துவேன், அதனால 4.88 எடுத்தேன். 5.13 வேணாம்னு விட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரேஷியோன்னா கிரவுன் வீல் பல்ல பினியன் பல்லால வகுக்கறதுதான், 3.73க்கு 41க்கு 11 பல்லு, 4.88க்கு 39க்கு 8, 5.13க்கு 41க்கு 8. நம்பர் ஏற ஏற பினியன் தலை சின்னதாகும், என் வண்டில முன்னாடி இருக்கறது டானா 30, அது ஏற்கனவே சின்ன ஆக்சில், 35 டயரோட அத இன்னும் மெலிய வைக்க எனக்கு மனசு வரல. பின்னாடி டானா 44, அதுக்கு இந்தக் கவலை அவ்வளவா இல்ல.

ஒரு வார்த்தை, செலவ மிச்சம் பண்றேன்னு ஒரு ஆக்சில மட்டும் மாத்திடாதீங்க. ரெண்டுலயும் ஒரே ரேஷியோ இல்லாம ஃபோர் வீல் போட்டா முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒண்ண ஒண்ணு எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்திய ரெண்டு ஆக்சிலுக்கும் பிரிக்கற பெட்டி) போயிடும். சில ஆக்சில்ல ஒரு ரேஷியோவுக்கு மேல போனா கேரியரையும் (கிரவுன் வீல தாங்கற கூடு) சேத்து மாத்தணும், ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அத கேட்டுக்கோங்க. லாக்கர் (ஒரு ஆக்சில்ல ரெண்டு வீலையும் ஒண்ணா சுத்த வைக்கறது) போடற ஆசை இருந்தா இப்பவே போட்டுடுங்க, பிரிக்கற கூலி ஒண்ணுதான்.

இனி முதல் ஒர்க்‌ஷாப். பேரு வேணாம். காலைல விட்டேன், மதியத்துக்கு மேல ரெடின்னு போன் வந்துச்சு. ரெண்டு ஆக்சில் அரை நாள்ல முடிஞ்சிருச்சேன்னு சந்தோஷப்பட்டேன், அப்பவே யோசிச்சிருக்கணும். என்ன பேக்லாஷ் (ரெண்டு சக்கரத்தோட பல்லுக்கும் நடுவுல விடற இடைவெளி) வச்சீங்க, பேட்டர்ன் (பல்லோட பல்லு ஒட்டுற தடம்) போட்டோ இருக்கான்னு கேட்டதுக்கு எல்லாம் சரியா இருக்கு சார்னு ஒரே பதில். கம்ப்யூட்டர்ல டயர் சைஸ மாத்தினாங்க, ஆக்சில் ரேஷியோவ மாத்தாம விட்டுட்டாங்க, அதனால கியர் மாறறதெல்லாம் நேரங்கெட்ட நேரத்துல இடிச்சு இடிச்சு மாறிச்சு. அத நானே ஒரு புரோகிராமர் கருவி வச்சு சரி பண்ணிட்டேன்.

300 கிலோமீட்டர் கூட தாண்டல, 70, 80 வேகத்துல ஆக்சிலேட்டர விட்டா பின்னாடி இருந்து ஒரு ஊளைச் சத்தம். மிதிச்சா நிக்குது, விட்டா வருது. டயர் சத்தமா இருக்கும்னு சொன்னாங்க. டயர் சத்தம் மிதிச்சாலும் விட்டாலும் ஒண்ணாத்தான் இருக்கும், கால எடுத்தா மட்டும் வர்றது கியர் சத்தம், இது வண்டி வச்சிருக்கற யாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய வித்தியாசம். 40 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி கைய வச்சுப் பாத்தேன், முன் ஹவுசிங்ல உள்ளங்கைய தாராளமா வைக்க முடிஞ்சுது, பின் ஹவுசிங்ல பினியன் பக்கம் ஒரு செகண்டு கூட வைக்க முடியல. திருப்பி எடுத்துட்டுப் போனா ஓட ஓட செட் ஆயிடும்னாங்க. கியர் அப்படி செட் ஆகாது, தப்பா மாட்டினா தப்பாவே தேயும்.

ரெண்டாவது ஒர்க்‌ஷாப்ல ஒரு வயசான மெக்கானிக், ஆக்சில் வேலை மட்டும்தான் பண்றார். பின் கவர கழட்டினதும் ஆயில கையில எடுத்து வெளிச்சத்துல காட்டினார், உள்ள பொடிப் பொடியா மின்னுச்சு. அப்புறம் பினியன விரலால புடிச்சு சுத்திக் காட்டி, "தம்பி, இங்க வந்து சுத்திப் பாருங்க, இது இவ்வளவு லேசா சுத்தக் கூடாது"ன்னார். பினியன் பேரிங்குக்கு ப்ரீலோடே, அதாவது ஆடாம அழுத்தி வைக்கற இறுக்கமே, இல்ல. பழைய ஷிம்மையே (பினியன் ஆழத்த சரி பண்ண வைக்கற மெல்லிசான தகடு) திருப்பிப் போட்டிருக்காங்க, புது கியருக்கு பினியன் ஆழம் மாறுமே, அத அளக்கவே இல்ல. பல்லு மேல ஒட்டுற எடம் முழுக்க ஓரத்துல தள்ளிப் போயிருந்துச்சு. இந்த செட்ட இனி எப்படி அட்ஜஸ்ட் பண்ணாலும் சத்தம் போகாது, தப்பான எடத்துல தேஞ்சிருச்சுன்னு சொல்லிட்டார். புது கிரவுன் பினியன், புது பேரிங், புது சீல், எல்லாம் மறுபடி வாங்கினேன். வயிறு எரிஞ்சுது, உண்மையச் சொல்லணும்ல.

ஆனா அந்த மனுஷன் வேலை செஞ்சத பக்கத்துல நின்னு பாத்தேன், அத எழுதாம விட முடியாது. ரெண்டு நாள் எடுத்துக்கிட்டார். பல்லுல மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்ட பிரஷ்ல தடவி, கிரவுன் வீல கையால முன்னும் பின்னும் அழுத்திச் சுத்தி, பேஸ்ட்டு எங்க விலகுதுன்னு பாப்பார். முதல் தடவ பல்லோட மேல் விளிம்புல ஒட்டுச்சு, பினியன் உள்ள இன்னும் தள்ளணும்னு முழுசா பிரிச்சார், பேரிங்க பிரஸ்ல இழுத்தார், ஷிம்ம மாத்தினார், மறுபடி மாட்டினார். ரெண்டாவது தடவ கொஞ்சம் ஆழமாப் போயிடுச்சு. மறுபடி பிரிப்பு. நாலாவது தடவைதான் பல்லு நடுவுல நல்ல நீள்வட்டமா உக்காந்துச்சு, மிதிக்கறப்ப ஒட்டுற டிரைவ் பக்கமும் சரி, கால எடுத்தா ஒட்டுற கோஸ்ட் பக்கமும் சரி. அப்பவும் திருப்தி இல்லாம டயல் கேஜ வச்சு கிரவுன் வீல்ல நாலு எடத்துல பேக்லாஷ் பாத்தார், எட்டு தவ்வுல நின்னுச்சு, ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நாலு எடத்துக்கும் வித்தியாசம் ஒரு தவ்வுக்கு மேல இல்ல. பொதுவா 6ல இருந்து 10 வரைக்கும் இருக்கலாம்பாங்க. கடைசில கிரஷ் ஸ்லீவ (நசுங்கி ப்ரீலோட நிறுத்தி வைக்கற குழாய்) இறுக்கறப்ப ஒரு நூல் கூடிப் போச்சு, ப்ரீலோட் வேண்டியதவிட ஏறிடுச்சு, நட்ட லேசா லூஸ் பண்ணிட்டு விட்டுடலாம், வெளிய யாருக்கும் தெரியாது. அவர் அத கழட்டி ஓரமாப் போட்டுட்டு புது ஸ்லீவ் எடுத்தார். ஒரு தடவ நசுங்கின ஸ்லீவ் திரும்ப விரியாது, லூஸ் பண்ணா ப்ரீலோட் நிக்காதுன்னு சொன்னார், சொல்லிட்டு முதல்ல இருந்து இறுக்கினார், ப்ரீலோட 20 இன்ச் பவுண்டுல (பினியன சுத்தத் தேவைப்படற விசையோட அளவு) நிறுத்தினார். ஒவ்வொரு அளவையும் ஒரு தாள்ல எழுதி, பேட்டர்ன் போட்டோவோட கையில கொடுத்தார். முன் ஆக்சிலையும் திறந்து பாக்கச் சொன்னேன், அது பரவால்ல, பேக்லாஷ் ஏழுல இருந்துச்சு, தொட வேணாம்னுட்டார்.

புது கியர ஓட்டிப் பழக்கறதுலயும் ஏமாந்துடாதீங்க. முதல்ல 25 கிலோமீட்டர் மெதுவா ஓட்டி நிறுத்தி நல்லா ஆற விட்டேன், அதே மாதிரி மூணு தடவ. 800 கிலோமீட்டர் வரைக்கும் பாரம் இழுக்கல, ஒரே வேகத்துலயும் ரொம்ப நேரம் ஓட்டல. 800ல ஆயில மாத்தினேன், சாம்பல் கலர்ல மை மாதிரி கொஞ்சம் வந்துச்சு, அது புது கியருக்கு சகஜம், சில்லு சில்லா வந்தாத்தான் பயப்படணும்.

இப்ப வண்டி எப்படின்னா, அவ்வளவு சந்தோஷம். 100ல 2,500 ஆர்பிஎம், அஞ்சாவது கியர்லயே ஏத்தம் ஏறுது, ரொம்ப செங்குத்தா இருந்தாத்தான் நாலுக்கு இறங்குது, இறங்கினா அங்கயே நின்னு இழுக்குது, மாறி மாறி ஆடறது இல்ல. லோ ரேஞ்ச்லதான் (கஷ்டமான எடத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல போடற மெதுவான கியர்) நிஜமான வித்தியாசம். முதல் கியர் 3.59, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.72, இதோட 3.73 பெருக்கினா 36, இப்ப கிட்டத்தட்ட 48, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த இன்ஜின் அத்தன சுத்து சுத்துது. கல்லு மேல ஏத்தறப்ப முன்னாடி வேகம் கொடுத்து தூக்கிப் போட வேண்டியிருந்துச்சு, டயர் வழுக்கி சட்டுன்னு புடிக்கறப்ப ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு விழற அடிய நெனச்சு ஒவ்வொரு தடவையும் பயம். இப்ப கால லேசா வச்சிருந்தாப் போதும், டயர் ஒரு கல்ல அமுக்கி, யோசிச்சு, அடுத்த கல்லுக்குப் போற மாதிரி ஏறுது. இறக்கத்துலயும் பிரேக்க அவ்வளவா தொடறதில்ல, இன்ஜினே புடிச்சுக்குது.

குறைன்னா 120ல 3,000 சுத்துது, சத்தம் தெரியுது. மைலேஜ் நீளமான ரோட்டுல முன்ன மாதிரியேதான், மலையிலயும் ஊருக்குள்ளயும் கொஞ்சம் கூடிருக்கு. தினமும் ஹைவேலயே ஓட்டறவங்க 35 டயருக்கு 4.56 எடுத்துக்கோங்க, அது உங்களுக்கு வசதியா இருக்கும். 33 டயர்னா 3.73லயே விட்டுடுங்க, கணக்குப்படி 3.85தான் வேணும், அந்த வித்தியாசத்துக்கு ஆக்சில பிரிக்க வேணாம். ஒர்க்‌ஷாப் தேடறவங்க முதல்ல பேட்டர்ன் போட்டோவும் அளவு எழுதின தாளும் தருவீங்களான்னு கேளுங்க, தயங்கினாங்கன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. நான் அடுத்த ஆயில் மாத்தறப்ப கவர கழட்டி மறுபடி பேஸ்ட்டு தடவிப் பாக்கப் போறேன், அவர் கொடுத்த போட்டோவ பக்கத்துல வச்சுக்கிட்டு.