லண்டன் ஆர்க்கைவ்ஸ்: வொர்க்ஹவுஸில் இறந்த பாட்டியைத் தேடிப் போனோம்

என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய பாட்டியின் பாட்டி 1908 பிப்ரவரியில், 71 வயதில், லண்டனின் லாம்பெத் பகுதி வொர்க்ஹவுஸில் இறந்தார் என்பது மட்டும்தான் அந்த வீட்டில் தெரியும், அதையும் மாமியார் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். வொர்க்ஹவுஸ் என்பது கதியற்றவர்களைச் சேர்த்து, புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து, கல் உடைக்கவும் பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுக்கவும் வைத்து, சோறு போட்ட இடம். வெளியே இருக்கிற ஏழை உள்ளே வரப் பயப்பட வேண்டும் என்பதற்காகவே 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு அதைக் கடுமையாக நடத்தினார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முதலில் முன்னோர் பதிவுகளைத் தேடித் தருகிற ஒருவருக்கு இணையத்தில் பணம் கட்டினேன். இறப்புச் சான்றிதழையும் சென்சஸ் பக்கம் ஒன்றையும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்றார். இரண்டையும் நானே எடுத்திருப்பேன். அப்புறம்தான் கிளார்க்கன்வெல்லில் இருக்கிற, பழைய ஆவணங்களை வைத்திருக்கும் லண்டன் ஆர்க்கைவ்ஸுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். 2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர். நுழைவுக் கட்டணம் கிடையாது. பையை வெளியே வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். முன்னோரைத் தேட உதவும் ஆன்செஸ்ட்ரி தளத்துக்கு வீட்டிலிருந்து சந்தா கட்ட வேண்டும், அங்கே இருக்கிற கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். லண்டன் வொர்க்ஹவுஸ்களின் சேர்க்கைப் பதிவேடுகள் நிறைய அதிலேயே ஏறியிருக்கின்றன.

நாங்கள் பார்த்தது ரென்ஃப்ரூ ரோட்டில் இருந்த லாம்பெத் வொர்க்ஹவுஸின் பதிவேடு. 1896இல் ஏழு வயது சார்லி சாப்ளின் அம்மாவோடும் அண்ணனோடும் போய்ச் சேர்ந்தது இதே லாம்பெத் வொர்க்ஹவுஸில்தான். பாட்டியின் பெயர் ஒரே ஒரு தடவை வரும் என்று நினைத்திருந்தேன். அக்டோபரில் வந்திருக்கிறார், மார்ச்சில் போயிருக்கிறார், நவம்பரில் மறுபடி வந்திருக்கிறார், இப்படியே நாலு குளிர்காலம். வெயில் வந்ததும் தானாகவே கிளம்பியிருக்கிறார். கடைசி வரியில், வெளியேறிய காரணம் எழுதும் இடத்தில், குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்தில் 'டெட்' என்று ஒரே சொல்.

சேர்க்கைப் பதிவேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கிரீட் ரெஜிஸ்டர் என்று தனியாக ஒன்று உண்டு. யார் எந்த மதம் என்று குறிப்பதற்காக வைத்தது, ஆனால் எங்கிருந்து வந்தார், நெருங்கிய உறவு யார் என்பதும் அதில் இருக்கும். எங்கள் பாட்டிக்கு 'மகள்' என்று போட்டு, பெயரும் தெருவும் எழுதியிருந்தது. மாமியார் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "இது என்னைத் தூக்கி வளர்த்த பாட்டியின் வீடு" என்றார் அப்புறம். யாரும் இல்லாமல் செத்தார் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த குடும்பம் அது. யாரும் கேட்டு வராத உடலை 1832 சட்டப்படி மருத்துவப் பள்ளிக்குக் கொடுத்துவிட முடிந்த காலத்தில், பதிவேட்டில் உறவினர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது சின்ன விஷயமில்லை.

1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன் வந்தது. பாட்டி பதினோரு மாதம் முந்திவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தேடுபவர்களுக்கு ஒன்று: 1904க்குப் பிறகு பிறப்புச் சான்றிதழிலும், 1919 வாக்கிலிருந்து இறப்புச் சான்றிதழிலும் வொர்க்ஹவுஸ் என்ற சொல்லைத் தவிர்த்து வெறும் தெரு முகவரி போட ஆரம்பித்தார்கள். லிவர்பூலில் '144ஏ பிரவுன்லோ ஹில்' என்று பார்த்தால் அது வீடு இல்லை, வொர்க்ஹவுஸ்.

புதைத்த இடத்தைத் தெரிந்துகொள்ள கல்லறைப் பதிவேட்டைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. டூட்டிங்கில் இருக்கிற லாம்பெத் கல்லறை, பலரைச் சேர்த்துப் புதைத்த பொதுக்குழி, கல் எதுவும் இல்லை. எதிரில்தான் என் மகன் பிறந்த செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வாராவாரம் நான் போகிற டூட்டிங். போன சனிக்கிழமை காய்கறிப் பையோடு அங்கே போய், வரிசை எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு முழம் மல்லிகைப்பூவை வைத்துவிட்டு வந்தேன்.