யோவ்லுதொர்த்து மாவு: உறைபெட்டியில் எந்தப் பாக்கெட்டை எடுக்கலாம்?

நவம்பர் பிறந்ததும் பின்லாந்து சூப்பர்மார்க்கெட்டுகளின் உறைபெட்டிகளில் தொர்த்துதைகினா பாக்கெட்டுகள் குவிந்துவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு சுடும் யோவ்லுதொர்த்து என்ற நட்சத்திர வடிவ பிளம் டார்ட்டுக்கான பஃப் பேஸ்ட்ரி மாவு அது. சதுரத் தகடுகளாகவே வெட்டி உறையவைத்திருப்பார்கள். மாவைத் தாங்களே மடித்து உருட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. பலருக்குப் பாக்கெட்தான் கைகொடுக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரியான பாக்கெட்டாக இருந்தால்.

விலை குறைந்த தகடுகளில் இருப்பது தாவரக் கொழுப்பு. சமையலறைச் சூட்டில் சீக்கிரம் இளகாது. ஓவனில் நன்றாக உப்பி எழும்பும். முதன்முறை சுடுகிறவர்களுக்கும், மேசையைச் சுற்றிக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மடிக்கிறவர்களுக்கும் இதுவே நிம்மதி. ஆனால் ஆறிய பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் நிற்கும். வெண்ணெய்த் தகட்டில் அந்தக் குறை இல்லை, மணமும் வேறு தரம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் கை வேகமாக ஓட வேண்டும். சுட்ட அன்றே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கூடுதல் காசு கொடுத்து வெண்ணெய் மாவையே வாங்குங்கள். உறையின் முகப்பை நம்பாமல் பொருட்பட்டியலில் 'வோய்' இருக்கிறதா என்று பாருங்கள். வெண்ணெய்க்கு அங்கே அதுதான் பெயர்.

மாவைவிடப் பலர் கோட்டைவிடுவது நிரப்பலில். சாதாரண பிளம் ஜாமை வைத்தால் சூட்டில் கொதித்து வழிந்து, காகிதத்தில் கரிந்து ஒட்டும். 'பைஸ்தொன்கெஸ்தாவா', அதாவது ஓவன் சூட்டைத் தாங்கும், என்று குறித்த பிளம் மார்மலேடு மட்டுமே இடத்தில் நிற்கும். அதிலும் இனிப்பு தூக்கல்தான். வீட்டிலேயே செய்யும் நிரப்பலுக்கே எங்கள் ஓட்டு: கொட்டை நீக்கிய உலர் பிளம் 250 கிராம், தண்ணீர் 2 டெசிலிட்டர் (200 மில்லி), சர்க்கரை 2 மேசைக்கரண்டி. சிறு தீயில் கால் மணி நேரம் வேகவிட்டு மசித்து, கரண்டியால் இழுத்த தடம் மூடாமல் நிற்கும்வரை வற்றவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகே மாவில் வைக்க வேண்டும். இளஞ்சூடாக வைத்தாலும் அடியில் கொழுப்பு இளகி, நடுப்பகுதி வேகாத களியாகிவிடும்.

தகடுகளைத் தனித்தனியாகப் பிரித்து அறைச் சூட்டில் வையுங்கள். விரலால் வளைக்க வர வேண்டும், தொட்டால் குளிர வேண்டும்; அதுதான் பதம். மிஞ்சி இளகினால் கத்தி மாவை இழுக்கும், அடுக்குகள் நசுங்கி அந்த ஓரம் எழும்பாது. அப்போது பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளுங்கள். நான்கு மூலையிலிருந்தும் மையத்தை நோக்கி வெட்டி, நடுவில் சுமார் 3 சென்டிமீட்டர் வெட்டாமல் விடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முனைகளை நடுவுக்கு மடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, தகட்டின் அடிவரை பதியும்படி விரலால் அழுத்துங்கள். மார்மலேடை முதலில் வைத்து அதன்மேல் மடிப்பவர்களும் இருக்கிறார்கள். முனைகள் வழுக்கி, ஓவனில் பூப்போல விரிந்துவிடுவது அதனால்தான். மடித்து அழுத்திய பின் மேலே ஒரு தேக்கரண்டி நிரப்பல் வைத்தால் அதன் எடையே முனைகளைப் பிடித்துக்கொள்ளும்.

அடித்த முட்டையை மேல்பரப்பில் மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தே எழும்பும். முட்டை வேண்டாம் என்பவர்களுக்குப் பால் போதும், பளபளப்பு கொஞ்சம் குறையும்.

ஓவன் 225 டிகிரி, நடுத்தட்டு, 12 முதல் 15 நிமிடம். சூடு ஏறுமுன் தட்டைத் தள்ளாதீர்கள்: நீராவி அடுக்குகளைத் தூக்குமுன் கொழுப்பு உருகி வெளியேறிவிடும். தட்டையாக, எண்ணெய் கசியும் டார்ட்டுக்கு மாவுக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. நிறத்தை மேலே பார்த்து ஏமாறாமல் ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

பாக்கெட்டே வேண்டாம் என்றால் ரஹ்கா மாவு இருக்கிறது. ரஹ்கா அங்கே கிடைக்கும் கெட்டியான புளித்த பால் தயிர். 250 கிராம் ரஹ்கா, 250 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஏறக்குறைய 300 கிராம் மைதா. அதிகம் பிசையாமல் சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் வைத்து, 4 மில்லிமீட்டர் கனத்தில் உருட்ட வேண்டும். பஃப் பேஸ்ட்ரி அளவு உயராது. ஆனால் மறுநாளும் மென்மையாக இருப்பது இது ஒன்றுதான்.

ஐசிங் சர்க்கரையை ஆறிய பிறகே தூவுங்கள், சூட்டில் கரைந்து ஈரப் புள்ளிகளாகிவிடும். விருந்துக்கு முன்கூட்டியே செய்வதானால் ரஹ்கா மாவில் மடித்த டார்ட்டுகளைச் சுடாமல் உறையவைத்து, இளகவிடாமல் நேராக ஓவனில் தள்ளலாம். சில நிமிடங்கள் கூடுதலாகும். ஒருமுறை இளகிய பாக்கெட் மாவை மட்டும் மறுபடி உறையவைக்காதீர்கள்.