ஃப்ளிர் சி5 தெர்மல் கேமரா: பேனல் ரூமுக்குப் போதும், ஹெச்.டி. கம்பத்துக்குப் போதாது

அரிசி ஆலையோ, ஐஸ் பிளாண்டோ, ஹோட்டலாக மாறிய பழைய செட்டிநாட்டு வீடோ, ஹெச்.டி. சர்வீஸ் (உயர் அழுத்த மின் இணைப்பு) வைத்திருக்கும் யாருக்கும் தீராத தலைவலி லூஸ் கான்டாக்ட்தான். லக் (கேபிள் முனையில் மாட்டிப் போல்ட் போடும் உலோகக் காது) கருகி பிரேக்கர் டிரிப் ஆன பிறகு ஆளைத் தேடுவதைவிட, சூடு ஏறும்போதே பிடித்துவிடலாமே என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா விசாரிப்பவர்கள் உண்டு. விசாரித்தால் சீக்கிரமே கண்ணில் படுவது ஃப்ளிர் சி5. எடை 190 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பேனல் ரூமுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். வெளியே நிற்கும் டபுள் போல் ஸ்ட்ரக்சரை, அதாவது ஹெச்.டி. லைன் வந்து சேரும் இரட்டைக் கம்ப அமைப்பைப் பார்க்கத்தான் என்றால் வேண்டாம்.

சென்சார் 160-க்கு 120, அதாவது 19,200 புள்ளிகள். மைனஸ் 20 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும். 3.5 அங்குலத் தொடுதிரை, தூசிக்கும் தூறலுக்கும் தாங்கும் ஐ.பி.54 உறை, இருட்டுப் பேனலுக்குள் பார்க்க ஒரு டார்ச். இதில் உருப்படியான வசதி எம்.எஸ்.எக்ஸ்.தான். சாதாரண கேமரா பார்க்கும் விளிம்புக் கோடுகளை வெப்பப் படத்தின் மேலேயே பதித்துவிடும். எந்த லக், எந்த ஃபேஸ் என்று பிறகு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரொம்பக் கிட்டே போனால் மட்டும் கோடு ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் என்று விலகி நிற்கும். நொடிக்கு 8.7 படம் மட்டுமே என்பதால் கேமராவை வீசித் திருப்பினால் படம் இழுபடும். நிதானமாக நகர்த்த வேண்டும்.

பேனலைத் திறந்ததும் பலர் தடுக்கி விழும் இடம் எமிசிவிட்டி. ஒரு பரப்பு தன் சூட்டை எந்த அளவுக்கு அகச்சிவப்பாக வெளிவிடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது, உச்சம் 1. புத்தம் புதுச் செம்பு பஸ்பாரின் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் பட்டை) எமிசிவிட்டி 0.1-ஐத் தாண்டாது. 80 டிகிரியில் இருந்தாலும் கேமராவுக்கு அது எதிரில் இருப்பதைக் காட்டும் கண்ணாடிதான். அதில் தெரிவது பார்ப்பவரின் உடம்புச் சூடு. சந்தேகம் வந்தால் அரை அடி தள்ளி நின்று பாருங்கள். சூட்டுப் புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பிம்பம், நகராமல் நின்றால் நிஜம். நிரந்தரத் தீர்வு, அடுத்த ஷட்டவுனில் ஒவ்வொரு ஜாயின்ட்டின் பக்கத்திலும் நல்ல கறுப்பு பி.வி.சி. டேப்பை இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுவது. டேப்பின் எமிசிவிட்டி 0.95. கேமராவிலும் 0.95 வைத்துக்கொண்டு டேப்பை மட்டும் அளந்தால் கணக்கு நேராகிவிடும். பெயின்ட், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பீங்கான், கேபிளின் மேலுறை இவையெல்லாம் 0.9-ஐ ஒட்டியே இருப்பதால் பிரச்சினை இல்லை. எண்ணைக் கையால் மாற்றிக்கொள்ளும் வசதி சி5-இல் இருக்கிறது. மாற்றாமல் பளபளக்கும் உலோகத்தை அளந்துவிட்டு “எல்லாம் நார்மல்” என்று எழுதும் அறிக்கை குப்பைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பேனலுக்குள் கை படாமல் மறைக்கும் அக்ரிலிக் ஷீல்டு. கண்ணுக்கு அது ஜன்னல், அகச்சிவப்புக்குச் சுவர். ஷீல்டை மூடி வைத்துக்கொண்டு படம் எடுத்தால் கிடைப்பது ஷீல்டின் சூடு. மின்சாரம் ஓடும்போது அதைக் கழற்றுவது விளையாட்டல்ல. உரிமம் உள்ள ஆள், மின்பொறி வெடிப்பைத் தாங்கும் ஆர்க் ஃப்ளாஷ் உடை, முகக்கவசம், கூட ஒருவர் என்று எல்லாம் இருந்தால்தான் கை வைக்க வேண்டும். புதுப் பேனல் செய்யக் கொடுப்பவர்கள் சப்ளை நுழையும் இன்கமர் கதவில் அகச்சிவப்பு ஊடுருவும் ஐ.ஆர். விண்டோ ஒன்று வைக்கச் சொல்லிவிடுவது மேல்.

தூரக் கணக்குக்கு வருவோம், இந்தக் கேமராவின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. லென்ஸின் பார்வை அகலம் 54 டிகிரி. 160-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.34 டிகிரி. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி மூடுவது சுமார் 6 மி.மீ. தனிப் புள்ளியின் அளவை நம்ப முடியாது. அளக்கும் பொருள் குறைந்தது 3-க்கு 3 புள்ளிகளை நிரப்ப வேண்டும், அதாவது 18 மி.மீ. பேனலுக்கு முன் 60 செ.மீ. தள்ளி நின்றால் அது 11 மி.மீ. ஆகிவிடும். எம்10 போல்ட்டின் தலையே 16, 17 மி.மீ. இருப்பதால் தாராளமாக நிரம்பும். அதனால்தான் பேனலுக்குள் இந்தச் சின்னக் கேமரா பெரிய கேமராவுக்கு ஏறக்குறைய ஈடு கொடுக்கிறது.

இதையே வெளியே எடுத்துப் போங்கள். 22 கே.வி. ஸ்ட்ரக்சரில் ஏ.பி. சுவிட்ச் (லைனைத் துண்டிக்கும் ஏர் பிரேக் சுவிட்ச்), ஹெச்.ஜி. ஃப்யூஸ் (ஹார்ன் கேப் ஃப்யூஸ்), ஜம்பர் (இணைப்புக் கம்பி) கிளாம்ப் எல்லாம் தலைக்கு மேலே; வேலிக்கு வெளியே நின்றால் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு புள்ளி 41 மி.மீ., நம்பகமாக அளக்க 12 செ.மீ. வேண்டும். ஜம்பரைப் பிடிக்கும் பி.ஜி. (பேரலல் குரூவ்) கிளாம்ப் 5 செ.மீ. அளவுதான், ஒன்றரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். மீதி இடத்தை நிரப்புவது வானம். மேகமில்லாத வானம் கேமராவுக்குப் பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழான குளிராகத் தெரியும். கிளாம்ப்பின் சூடும் வானத்தின் குளிரும் ஒரே புள்ளிக்குள் கலந்து சராசரியாகும்போது, கொதித்துக்கொண்டிருக்கும் கிளாம்ப் திரையில் சாதுவாக நிற்கும். கேமராவில் பழுது என்று நினைக்க வேண்டாம், அதன் லென்ஸ் அந்த வேலைக்குச் செய்ததில்லை. 320-க்கு 240 சென்சாரும் 24 டிகிரி லென்ஸும் உள்ள கேமராவில் அதே 7 மீட்டரில் ஒரு புள்ளி 9 மி.மீ., மூன்று புள்ளி 28 மி.மீ.; கிளாம்ப் முழுசாக உள்ளே வந்துவிடும். விலை பல மடங்கு என்பதால் ஒரே ஒரு ஆலைக்கு அதை வாங்கி வைப்பது வீண் செலவு.

மின்னலைத் தரைக்கு இறக்கும் லைட்னிங் அரெஸ்டரையும் சி5-ஐ வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் லோடு கரண்ட் ஓடுவதில்லை. பக்கத்து ஃபேஸ் அரெஸ்டரைவிட ஓரிரு டிகிரி கூடினாலே கவனிக்க வேண்டிய உறுப்பு அது. கம்பத்து உயரத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் சி5-க்குப் பிடிபடாது.

டிரான்ஸ்ஃபார்மர் கதை வேறு, உருவம் பெரிது. மூன்று மீட்டரில் நின்றால் ரேடியேட்டர் துடுப்புகள் நன்றாகவே தெரியும். மேலே சூடு, கீழே குறைவு என்பது இயல்பு. ஒரு வரிசை மட்டும் முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் அந்த ரேடியேட்டரின் வால்வு மூடியிருக்கலாம், அல்லது எண்ணெய் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம். கன்சர்வேட்டர் (மேலே உள்ள எண்ணெய்த் தொட்டி) மட்டத்தை உடனே பாருங்கள்.

நம் ஊர் வெயில் இன்னொரு சிக்கல். கேமராவின் துல்லியம் 100 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ 3 டிகிரி, அதற்கு மேல் 3 சதவீதம். அதுவும் சுற்றுப்புறம் 15 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால்தான். சித்திரை மதியத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறோம். வெளியில் உள்ள எதையும் வெயில் இறங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே ஒழுங்கு. பகலில் வெயில் ஏற்றிய சூடும் இணைப்புக் கோளாறின் சூடும் ஒன்றாகத் தெரியும். ஆடிக்காற்று சுழன்றடிக்கும் நாளிலும் வேண்டாம், காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

லோடு இல்லாமல் எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. சூடு கரண்ட்டின் இருமடிக்கு ஏற்ப வளரும். பாதி லோடில் கால்வாசிச் சூடுதான் பிறக்கும். குறைந்தது 40 சதவீத லோடு வேண்டும் என்பது துறையில் ஏற்கப்பட்ட அளவு. பாதி லோடில் 12 டிகிரி வித்தியாசம் காட்டும் ஜாயின்ட், முழு லோடில் காற்றும் உலோகமும் சூட்டைக் கடத்துவதைக் கழித்த பிறகும் 35 டிகிரியைத் தொட்டுவிடும். படம் எடுக்கும்போதே டாங் டெஸ்டரில் (கேபிளைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆலைக்கு இது சுலபம், எல்லா மோட்டாரும் ஓடும் நேரம் தெரியும். ஹோட்டலாக மாறிய வீடுகளில்தான் யோசிக்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் முகப்பு விளக்கும் மோட்டாரும் தவிர எதுவும் ஓடாது. முகூர்த்தமோ, முன்னோரைக் கும்பிடும் படைப்போ வந்து பங்காளிகள் எல்லோரும் கூடும் அன்று ஏ.சி., சீரியல் லைட், கிரைண்டர் என்று மொத்தமாக ஏறும். ஸ்கேன் அன்று ராத்திரிதான். இன்னும் சில வீடுகளில் தேக்குப் பலகையில் கிட்கேட் ஃப்யூஸ் இருக்கும்; அதில் கேமரா பார்ப்பது பீங்கானின் வெளிமுகத்தை. உள்ளே பித்தளைப் பிடி அதைவிடச் சூடாக இருக்கும் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

எத்தனை டிகிரி வித்தியாசம் ஆபத்து? நெட்டா என்ற அமெரிக்க மின்சோதனை அமைப்பின் அட்டவணையைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். ஒரே லோடில் இருக்கும் ஒரே மாதிரி உறுப்புகளுக்குள் 1 முதல் 3 டிகிரி என்றால் சந்தேகம், 4 முதல் 15 வரை கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், 15-க்கு மேல் உடனே சரிசெய்ய வேண்டியது. 3 டிகிரி பிழை உள்ள கேமராவில் 3 டிகிரி வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்கலாம். ஒரே படத்தில், ஒரே எமிசிவிட்டியில், ஆர் ஃபேஸையும் ஒய் ஃபேஸையும் ஒப்பிடும்போது அந்தப் பிழை பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். ஆகவே தனி எண்ணை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிடச் சூடு பரவியிருக்கும் விதம் அதிகம் பேசும். லக்கின் தட்டைப் பகுதியில் உச்சம் இருந்து கேபிளை நோக்கிக் குறைந்துகொண்டே போனால் போல்ட் இணைப்புக் கோளாறு. லக்கின் குழாய்ப் பகுதியில் உச்சம் என்றால் கிரிம்ப் (லக்கைக் கேபிள் மேல் நசுக்கிப் பிடிப்பது) சரியில்லை. கேபிள் முழு நீளமும் ஒரே சீராகச் சூடென்றால் இணைப்பில் குறையில்லை, ஓவர்லோடு. நியூட்ரல் மட்டும் சுடுகிறதா, எல்.ஈ.டி., யூ.பி.எஸ். கிளப்பும் ஹார்மோனிக்ஸை, அதாவது மின்னோட்டத்தின் அலை வடிவத்தைக் கெடுக்கும் கூடுதல் அதிர்வெண்களைத் தேடுங்கள். சிங்கிள் கோர் கேபிள்கள் தனித்தனித் துளை வழியாக நுழையும் இரும்பு கிளாண்டு பிளேட் சுடுவது சுழல் மின்னோட்டத்தால். அலுமினிய பிளேட் போட்டால் அடங்கும். பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலில் எல்லாக் கெப்பாசிட்டரும் வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அதற்குக் கரண்ட்டே போகவில்லை. ஃப்யூஸையும் கான்டாக்டரையும் பாருங்கள். பவர் ஃபேக்டர் அபராதம் எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடலாம்.

சூடு பிடிபட்டதும் ஸ்பானரை எடுத்து ஒரு முறுக்கு முறுக்குவது நம் ஆட்களின் பழக்கம். அது சில வாரங்களுக்கு மறைக்கும், அவ்வளவுதான். சப்ளையை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகு ஜாயின்ட்டை முழுசாகப் பிரிக்க வேண்டும். அலுமினியப் பரப்பில் ஆக்சைடு படலம் நொடியில் உருவாகிவிடும். கம்பி பிரஷ் போட்ட கையோடு கான்டாக்ட் கிரீஸ் தடவ வேண்டும். செம்பு பஸ்பாரில் அலுமினிய லக்கை நேராக வைத்துப் பூட்டுவதுதான் இங்கே மாமூல் குற்றம். சூட்டில் அலுமினியம் விரியும் அளவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, செம்பு 17. தினமும் ஏறி இறங்கும் லோடில் பிடி தளர்கிறது, ஈரம் சேர்ந்தால் அரிமானமும் கைகோக்கிறது. அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் இயங்கும் காரைக்குடியில் இதைச் சொல்லித்தர வேண்டியிருப்பது வேடிக்கைதான். இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக்கோ வாஷரோ போடுங்கள். லக் தயாரிப்பாளர் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவே முதல் கணக்கு. அது இல்லாதபோது 8.8 தர எம்10 போல்ட்டுக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12-க்கு 70 முதல் 80 வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினியம் நசுங்கி ஒதுங்கிக்கொள்ளும். கருகிய லக்கை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டுச் சரியான டையில் புது லக்கைக் கிரிம்ப் செய்ய வேண்டும். பிறகு அதே லோடில் இன்னொரு படம். அது இல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில் வைக்கக் கூடாது.

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். சி5 சேமிக்கும் ஜேபெக் கோப்புக்குள் ஒவ்வொரு புள்ளியின் வெப்ப அளவும் இருக்கும். வாட்ஸ்அப் சுருக்கும்போது அது போய்விடும், மிஞ்சுவது வண்ணப் படம். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தப்பிக்கும்.

ஸ்ட்ரக்சருக்கு, வருஷம் ஒருமுறை, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் கேமராவோடு வரும் குழுவை அமர்த்துவதே சிக்கனம். இ.பி. அறிவிக்கும் பராமரிப்பு மின்தடைக்கு நாலைந்து நாள் முன்னால் வரச் சொல்லுங்கள். சப்ளை இல்லாத அந்த நாளில் எர்த் செய்து உங்கள் பக்கத்து ஜாயின்ட்டுகளைச் சரிசெய்துவிடலாம். மீட்டரிங் சீலுக்கு அப்பால் சூடு தெரிந்தால் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள், கை வைக்க வேண்டாம். குழுவிடம் வேலையை ஒப்படைக்குமுன் கேமராவின் புள்ளி எண்ணிக்கை, லென்ஸ் டிகிரி, கேலிப்ரேஷன் சான்றின் தேதி மூன்றையும் கேளுங்கள். அறிக்கையில் ஒவ்வொரு படத்துக்கும் தூரம், எமிசிவிட்டி, சுற்றுப்புற வெப்பம், அப்போதைய ஆம்பியர் நான்கும் இருக்க வேண்டும். இல்லாத அறிக்கைக்குப் பில் பாஸ் பண்ணாதீர்கள்.