450 கிராம் ஃபைபர் மேட்: பவுடரா, எமல்ஷனா?

ஃபைபர் படகு, தண்ணீர்த் தொட்டி வேலைக்கான 450 கிராம் சாப்டு மேட் (துண்டு கண்ணாடி இழைகளாலான விரிப்பு, சதுர மீட்டருக்கு 450 கிராம்) கடைகளில் பவுடர், எமல்ஷன் என்று இரண்டு வகையாகக் கிடைக்கிறது. எடை ஒன்று, தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். துண்டு இழைகளைப் பிடித்துவைக்கும் பைண்டர் என்ற பசையில்தான் வேறுபாடு. தண்ணீரில் கிடக்கும் பொருளுக்குப் பவுடர் மேட்டையே வாங்குங்கள்.

பவுடர் மேட்டில் இருப்பது பாலியஸ்டர் பைண்டர். மேட்டின் மேல் ஊற்றும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும். மேட் தளர்ந்து, ரெசின் இழைக்கு இழை புகும். எமல்ஷன் மேட்டில் பெரும்பாலும் பாலிவினைல் அசிடேட். இது நனைய நேரமெடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஜெல்கோட்டுக்கு (பொருளின் வெளிப்புற ரெசின் பூச்சு) பின்னால் முதல் அடுக்காக இதைப் போட்டால், பின்னாளில் கொப்புளம் கிளம்ப அதுவும் ஒரு காரணமாகும். தண்ணீர் படாத பேனலுக்கு எமல்ஷன் போதும்.

பைண்டரைவிட முக்கியமானது இழையின் மேல் உள்ள சைலேன் பூச்சு. அதன் ஒரு முனை கண்ணாடியோடும் மறுமுனை ரெசினோடும் வேதிப்பிணைப்பு கொள்கிறது. சுமை ரெசினிலிருந்து இழைக்குப் போவது இந்த மெல்லிய எல்லை வழியாகத்தான். பிடிப்பு தளர்ந்தால் இழை அறுவதற்கு முன்பே உருவி வந்துவிடும். எத்தனை அடுக்கு போட்டும் பயனில்லை. பிடிப்பு அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான்: விரிசல் எல்லையில் திசைமாறாமல் இழைகளை வெட்டிக்கொண்டு நேரே ஓடும், பொருள் நொறுங்கும் தன்மை பெறும்.

ஆகவே வாங்கும்போது பூச்சு எந்த ரெசினுக்கானது என்று விவரத்தாளில் பாருங்கள். பிறகு ஒரு மாதிரித் தகடு போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கிலோ மேட்டுக்கு ரெசின் சுமார் இரண்டரை கிலோ. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை (பெராக்சைடு) ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். முழுதாக இறுகிய தகட்டில் ஒரு துண்டை அப்படியே வைத்து, இன்னொன்றைச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரண்டையும் உடைத்து லென்ஸில் பாருங்கள். கொதித்த துண்டில் மட்டும் இழைகள் ரெசின் ஒட்டாமல் வழுவழுப்பாக நீட்டிக்கொண்டிருந்தால், ஈரம் பிணைப்பை அறுத்துவிட்டது என்று பொருள். அந்த ரோலைப் படகுக்கு எடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் ரோலின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வைக்க வேண்டாம். ஈரம் ஏறிய மேட் ரெசினில் சரியாக நனையாமல் வெண்திட்டுகளாகத் தங்கிவிடும்.

எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினுக்கு இந்த இரண்டு மேட்டுமே பொதுவாகச் சரிவராது. அதில் ஸ்டைரீன் இல்லாததால் பைண்டர் கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். எப்பாக்ஸிக்கு ஏற்ற பூச்சுள்ள நெய்த துணியோ, பைண்டர் இல்லாமல் தைத்த மேட்டோ வாங்க வேண்டும்.