மாட்டின் காதில் 12 எண்: ஐந்து வருஷம் பயன்படுத்திய அனுபவம்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நாலு கறவை மாடு, இரண்டு கிடேரி, ஒரு இளங்கன்று. காலையிலும் மாலையிலும் பால் சொசைட்டிக்குப் போகிறது. 2020 கடைசியில் எங்கள் மாடுகளுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டினார்கள். ஊரில் அதைக் கம்மல் என்றுதான் சொல்வோம். அதிலுள்ள 12 இலக்க எண், அந்த எண்ணுக்குப் பின்னால் ஏறும் பதிவுகள், என்னுடைய நோட்டு, பால் ஊற்றுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு, இந்த நாலையும் வைத்துத்தான் ஐந்து வருஷமாக மாடுகளின் உடம்பைக் கவனித்து வருகிறேன். மாடு வைத்திருக்கிற மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இரண்டு வருஷம் அந்த எண்ணால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கினார்கள் (நம்ம மதுரை இல்லை, உத்தரப் பிரதேசத்து மதுரா). வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி, ஊசி போடும் மாட்டுக்கு ஓர் எண் என்பது ஏற்பாடு. அந்த எண்ணோடு தகவல்கள் இனாஃப் என்ற மென்பொருளில் ஏறின. தேசியப் பால்வள வாரியம் உருவாக்கியது அது. ஊசி போட வருகிறவர் எண்ணைப் பார்த்துப் பதிந்துகொள்வார், போய்விடுவார். என் மாட்டைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு வேறு கவலை. மயிலை என்ற மாட்டுக்குக் காது புண்ணாகி ஈ மொய்த்தது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பத்து நாள் போட்டுத்தான் ஆறியது. "எதுக்கு இந்த வாயில்லா ஜீவனுக்குக் கம்மல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது பாரத் பசுதன் என்ற பெயரில் பதிவுகள் இருக்கின்றன. மாட்டுக்காரர்களே எண்ணைப் போட்டுப் பார்க்க 1962 என்ற பெயரில் செயலி வந்தது. அவசரத்துக்கு வண்டியோடு டாக்டரைக் கூப்பிடும் எண்ணும் 1962தான். எங்கள் தொழுவத்தில் சிக்னல் கிடைக்காது, மாடிக்கு ஏற வேண்டும். அதனால் எல்லா மாட்டின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வில்லையும் மாட்டின் முகமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த எண்ணின் அருமை எனக்குத் தெரிந்தது செவலை என்ற மாட்டால். ஜெர்சிக் கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச் 4ஆம் தேதி சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டோம். சினை நிற்கவில்லை. திரும்பப் பருவத்துக்கு வந்து கத்தியது, திரும்பப் போட்டோம். மே மாதம் வரை இதே கதை. கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எண்ணைப் போட்டுப் பார்த்தார். மூன்று ஊசி பதிவாகியிருந்தது: மார்ச் 4, ஏப்ரல் 16, மே 7. பசுவுக்குச் சினைப்பருவம் 21 நாளைக்கு ஒரு முறை வரும், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம். மார்ச் 4க்கும் ஏப்ரல் 16க்கும் நடுவே 43 நாள். "நடுவுல ஒரு பருவத்தைக் கவனிக்காம விட்டுட்டீங்கம்மா. ராத்திரியும் விடியக்காலையும் போய்ப் பாருங்க, தாது உப்பு குடுங்க" என்றார். பதிவை மட்டும் பார்த்தால் அது சரியான வைத்தியம்தான்.

ஆனால் என் நோட்டில் மார்ச் 26 என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்கு ஆள் கிடைக்காமல் வெளியில் ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டோம். அவர் எதிலும் பதியவில்லை. நோட்டைக் காட்டினேன். டாக்டர் விரல் விட்டு எண்ணினார். 22 நாள், 21 நாள், 21 நாள். பருவம் எதையும் நாங்கள் தவறவிடவில்லை. மாடு கடிகாரம் மாதிரி திரும்பி வந்திருக்கிறது, முதல் மூன்று ஊசியும் நிற்கவில்லை. உடனே அவர் பேச்சு மாறிவிட்டது. ஒழுங்காகப் பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்காத மாடு என்றால் கருப்பையைப் பார்க்க வேண்டும் என்றார். நாலாவதும் நிற்காமல் மே 28ஆம் தேதி கத்தியபோது ஓட்டிப்போனோம். பருவத்தில் வடியும் வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இல்லாமல் லேசாக வெள்ளை கலந்திருந்தது. கருப்பையில் சின்னதாகத் தொற்று. அந்தப் பருவத்தில் சினை ஊசி போடாமல் மருந்து மட்டும் வைத்தார். ஜூன் 18ஆம் தேதி போட்ட ஊசி நின்றது. மறு வருஷம் மார்ச் கடைசியில் கிடேரிக் கன்று.

மூன்றரை மாதம் சினைக்கு ஊசி போட்டு அலைந்ததில் போன தீவனச் செலவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த ஒரு ஊசியும் பதிவில் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். பதிவு பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னது, அந்தப் பாதி டாக்டரையும் என்னையும் வேறு பக்கம் திருப்பிவிட இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: யார் ஊசி போட்டாலும், எந்தக் கை மருந்து கொடுத்தாலும், அன்றைக்கே தேதி நோட்டில் ஏற வேண்டும். வெளியிலிருந்து வருகிறவரிடம் விந்துக் குச்சியின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது லம்பி என்கிற தோல் கழலை நோய். 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் செத்து விழுந்த படங்களைப் பார்த்துப் பயந்து கிடந்தோம். கொசு, கடிக்கிற ஈ, உண்ணி மூலம் பரவும். மனிதருக்குத் தொற்றாது, காய்ச்சிய பாலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஊரில் இதை நம்ப வைப்பது கஷ்டம். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் மாடு மேலெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் தடித்துக் கிடந்த செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து அவர்கள் வெளியே சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால் பணத்தில்தான் அவர்கள் வீட்டில் வட்டி கட்டுகிறார்கள்.

பிறகு எங்கள் கன்றுக்குட்டி ஒன்றுக்கே வந்தது. கழுத்தில் நாலைந்து கட்டி, காய்ச்சல், முன்னங்கால் வீக்கம். இரண்டு மணி நேரம் யோசித்தேன். அப்புறம் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாலு வீடு தள்ளி இருக்கிற பெண் வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன மதனி இப்படிப் பண்ணிட்டீங்க? நம்ம ஊர்ப் பாலையே வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்யிறது?" அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே டாக்டர் குழுவினர் வந்து, நோய் இல்லாத வீடுகளின் மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். இந்த நோய்க்கு நம் நாட்டில் அதைத்தான் போட்டு வந்தார்கள். அவள் மாட்டுக்கும் போட்டார்கள். எங்கள் கன்றைத் தனியாகக் கட்டி, வலை போட்டு, வேப்பிலைப் புகை மூட்டி, டாக்டர் கொடுத்த மருந்தோடு வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து வெல்லம் சேர்த்து நாக்கில் தடவிக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு வேறு மாட்டுக்கு வரவில்லை.

அந்த வாரமே குழுவில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். நோய் பற்றிப் போடும்போது வீட்டுக்காரர் பெயர், போன் எண், வில்லை எண் எதுவும் போடக்கூடாது. ஊர்ப் பெயர், தேதி, மாட்டின் வயசு, அறிகுறி, படம், இவ்வளவு போதும். வில்லை எண் டாக்டருக்கு மட்டும் தனியாகப் போகும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் மறைக்கிறவர்கள் வாய் திறந்தார்கள். தொற்றுநோய் வந்தால் மாட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று 2009ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. சட்டத்தைக் காட்டி யாரும் எங்கள் ஊரில் சொல்லவில்லை, பெயர் வெளியே வராது என்ற தைரியத்தில் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கிற நிவேதி என்ற ஆராய்ச்சி நிறுவனம் எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரலாம் என்று இரண்டு மாதம் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அந்தக் கணிப்புக்கு அடிப்படை கீழேயிருந்து போகும் தகவல்தான். நாங்கள் மறைத்தால் அங்கே எங்கள் ஊர் சுகமாக இருப்பதாகவே தெரியும்.

வில்லை விழுந்துபோவது பெரிய தொல்லை. கருப்பிக்கு முள்வேலியில் மாட்டிக் காதோடு கிழிந்தது. புது வில்லை, புது எண். பழைய எண்ணோடு அதை இணைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஊசி, ஈத்து விவரம் எல்லாம் வேறு மாட்டின் கணக்கு போலக் கிடக்கும். எங்களுக்கு இன்னொரு பிசகும் நடந்தது. காப்பீட்டுத் தாளில் கடைசி எண் 3 என்பதற்கு 8 என்று ஏறியிருந்தது. எங்கே யார் எழுதும்போது மாறியது என்று தெரியவில்லை. நல்ல வேளையாக மாடு உயிரோடு இருக்கும்போதே கண்ணில் பட்டது. வில்லையும் முகமும் சேர்ந்த படத்தைக் காட்டித் திருத்த ஆறு வாரம் ஆனது. மாடு செத்த பிறகு தெரிந்திருந்தால் ஒரு பைசா வந்திருக்காது. காப்பீடு போட்டிருக்கிறவர்கள் இன்றைக்கே தாளை எடுத்து 12 எண்ணையும் மாட்டின் காதோடு ஒத்துப் பாருங்கள்.

மாட்டை விற்கும்போதும் பெயர் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் முன்பு தேனிப் பக்கம் ஒருவருக்கு ஒரு மாடு விற்றோம். அவர் பதிவைப் பார்த்துவிட்டு, ஊசியெல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகம் பேரம் பேசாமல் ஓட்டிப்போனார். பெயர் மாற்றத்தை அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம். அந்த மாடு அப்புறமும் என் பெயரில்தான் நின்றது, அங்கே அதற்கு என்ன நடந்தாலும் என் கணக்கில் ஏறும். போன தை மாதம்தான் மாற்றினோம்.

எனக்கு இன்னும் குறையாகப் படுவது பால் கணக்கு. சொசைட்டியில் தினமும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர மற்ற திடச்சத்து) பார்த்து ரசீது தருகிறார்கள். மடிநோய் வெளியே தெரியும் முன்பே அந்த எண்ணில் ஆட்டம் காணும். எஸ்.என்.எஃப். 8.2 இருந்தது ஒரு வாரத்தில் 7.8க்கு இறங்கியபோது விலை குறைகிறதே என்று புலம்பினேனே தவிர, மடியைப் பார்க்கத் தோன்றவில்லை. டாக்டர் சொல்லித்தான் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பரிசோதனைக் கரைசலில் கலந்து பார்த்தோம். மயிலையின் பின் இடது காம்புப் பால் கோழை போலக் கட்டியது. சொசைட்டி ரசீதில் இருப்பது எல்லா மாட்டுப் பாலும் கலந்த கணக்கு, மருத்துவப் பதிவில் இருப்பது மாட்டுக்கு மாடு கணக்கு. இரண்டும் சந்திக்கவே இல்லை. இப்போது ஞாயிறுதோறும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளந்து நோட்டில் எழுதுகிறேன். மடிக்கு ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று கேட்டு, அந்தத் தேதியைச் சாக்பீஸால் தொட்டியின் மேலேயே எழுதிவிடுவேன். நான் ஊரில் இல்லாத நாளில் வீட்டுக்காரர் கறந்தாலும் கண்ணில் படும்.

எங்கள் பக்கம் கிடை மாடுகளோடு (ஊர் ஊராக மேய்த்து, உரத்துக்காக வயலில் அடைக்கிற மாடுகள்) வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். புலிக்குளம் மாடுகளை நூறு, இருநூறு என்று ஓட்டிக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்கு நிரந்தரச் சீட்டு கிடையாது. இந்த எண் யாருக்காவது மிக அதிகமாகத் தேவை என்றால் அவர்களுக்குத்தான். ஒரு ஊரில் போட்ட கோமாரி ஊசி அடுத்த ஊர் டாக்டருக்குத் தெரிய அவர்களுக்கு வேறு வழியே இல்லை. போன அறுவடைக்குப் பிறகு எங்கள் வயலில் கிடை போட்டவரின் மாடுகளில் பாதிக்கு வில்லை இருந்தது, பாதிக்கு இல்லை. புதரில் மேயும்போது அறுந்துவிடுகிறது என்றார். அலைகிற மாட்டுக்குத் தோதான வேறு அடையாளம் ஏதாவது செய்ய வேண்டும், அதை அவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

செவலையின் கிடேரிக்கு இப்போது நாலு மாதம் முடிந்துவிட்டது. கருச்சிதைவு நோய்க்கான ஊசியைப் பெண் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை போட வேண்டும். வருகிற புதன்கிழமை ஓட்டிப்போகிறோம், அன்றைக்கே வில்லையும் மாட்டுவார்கள். வேப்பெண்ணெயை அத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டார். நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் விட்டிருக்கிறேன். முதல் வரியில் தாயின் எண்ணும், ஜூன் 18 என்ற தேதியும் ஏறிவிட்டது.