சோலர் பட்டரி வச்சிருக்கிறாக்கள் ஒருக்கா வாசியுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் (சோலர், பட்டரி, லைன் மூண்டையும் சேத்து ஓட்டுற பெட்டி) லித்தியம் பட்டரியும் போட்டிருக்கிறாக்கள், அதுவும் வைஃபை பூட்டி கொம்பனிக்காரர் தங்கட இடத்தில இருந்தே சொப்ட்வெயார் மாத்தக்கூடிய சாமான் எண்டா, இதைக் கட்டாயம் வாசியுங்கோ. கடைப் பேர் போடமாட்டன், போட்டா என்னிலதான் கேஸ் வரும்.

நான் தருமபுரத்துக்குக் கிட்ட ஊர்க்கோழிக் குஞ்சு பொரிச்சு விக்கிறன். இன்குபேட்டர் எண்டா 21 நாளும் 37.5 பாகையில சூடு நிக்கவேணும், கரண்ட் கொஞ்ச நேரம் போனாச் சமாளிக்கலாம், ராமுழுக்கப் போனா எல்லாம் பாழ். அதுக்காகத்தான் லோன் எடுத்து சோலர் போட்டது. விக்கேக்க "அக்கா, லைன் போனதே உங்களுக்குத் தெரியவராது" எண்டினம். உண்மைதான், முதல் கொஞ்ச மாசம் தெரியவரேல்லை.

கார்த்திகை மழைக்குள்ள மரம் விழுந்து லைன் போச்சு. நாங்கள் நித்திரை. விடிய எழும்பிப் பாத்தா வீடு இருட்டு, பட்டரியில பச்சை லைட் முழுக்க எரியுது, சார்ஜ் இருக்கு, ஆனா இன்வேர்ட்டர் அதில இருந்து கரண்ட் எடுக்கவேயில்லை, டிஸ்பிளேயில ஏதோ ஒரு நம்பர் மட்டும் மினுங்குது. பொரிக்கப்போற முட்டையள், முதல்நாள் பின்னேரம் காதில வச்சா உள்ளுக்குள்ள கீச்சிட்டது. எல்லாம் சில்லெண்டு கிடந்தது. ஒண்டை உடைச்சுப் பாத்தன், முழுக்குஞ்சு, சொண்டு கோதில முட்டினபடி.

கடையில இருந்து ஒரு தம்பி வந்தவர், மூடியைக் கழட்டி எட்டிப் பாத்தார், "இது மின்னல் கேஸ் அக்கா, வாரண்டி வராது, கொமியூனிகேஷன் கார்ட், அதுதான் இன்வேர்ட்டர் பட்டரியோட கதைக்கிற கார்ட், அதை மாத்தவேணும்" எண்டார். அண்டைக்கு ராத்திரி காத்தும் மழையும்தான், ஒரு இடி முழக்கமில்லை, சொன்னாலும் ஆர் கேக்கினம். அடுத்த முட்டை வைக்கவேணும், காசைக் குடுத்தன். பில்லில "மின்னல் சேதம்" எண்டு எழுதியும் தந்தவை.

பேந்து வவுனியாவில சோலர் பூட்டுற எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் வந்து கழட்டின பழைய கார்டைப் பாத்திட்டு, இதில ஒரு பழுதுமில்லையே அக்கா எண்டு சொல்லி தன்ர ஃபோனில டெக்னீசியன்மாருக்கு கொம்பனி அனுப்பின மெசேஜைக் காட்டினான். அந்த மொடலுக்கு புது சொப்ட்வெயார் ஏறினாப் பிறகு இன்வேர்ட்டருக்கும் பட்டரிக்கும் தொடர்பு அறுகுதாம், பழைய சொப்ட்வெயாரைத் திருப்பி ஏத்தச் சொல்லியிருக்கு, கஸ்டமர் கோல் எடுத்தா மட்டும் செய்யச் சொல்லியும் இருக்கு. நான் அந்த முட்டையளை மெசினில வைக்க முதலே வந்த மெசேஜ் அது!!

விசயம் இதுதான். பட்டரிக்கும் இன்வேர்ட்டருக்கும் நடுவில இன்டர்நெட் வயர் மாதிரி ஒண்டு ஓடும், அதாலதான் பட்டரி தன்னில எவ்வளவு இருக்கு, எவ்வளவு ஏத்தலாம் எண்டு சொல்லுறது. இந்த லித்தியம் பட்டரியில வோல்ட்டேஜ் கனநேரம் ஒரே மட்டத்தில நிக்கும், அதைப் பாத்து சார்ஜ் எவ்வளவு எண்டு சரியா மதிக்க ஏலாது, அதால அந்தப் பேச்சு நிண்டா சில மொடல் பாதுகாப்புக்கெண்டு பட்டரியையே தொடாது. லைன் இருக்குமட்டும் வீடு லைனில ஓடும், ஒருத்தருக்கும் விளங்காது.

மெசினில பிழை வாறது வழமை, அதில எனக்குக் கோவமில்லை. எந்த மொடல், எந்த சொப்ட்வெயார், சரிவருமட்டும் என்ன செய்யிறது, எங்களுக்கு மூண்டு வரி அனுப்பியிருந்தாப் போதும். பொங்கலுக்கும் வருசத்துக்கும் ஓஃபர் அனுப்ப எங்கட நம்பர் இருக்குத்தானே? தெரிஞ்சிருந்தா ஆரிட்டயும் ஜெனரேட்டர் இரவல் வாங்கியிருப்பன், இல்லாட்டி கொஞ்ச முட்டையை எண்டாலும் அடைக்கோழிக்கு வச்சிருப்பன்.

இண்டைக்கே மெயின் சுவிச்சை நிப்பாட்டி, பட்டரியில வீடு ஓடுதோ எண்டு பாருங்கோ. இரவில செய்யிறது நல்லது, பகலில எண்டா பனல் பிரேக்கரையும் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி வெயில் கரண்டில ஓடி உங்களை ஏமாத்திப்போடும். தொடர்பு அறுந்தா சிலபேர் செட்டிங்கில ஈயப் பட்டரி எண்டு மாத்திவிட்டிட்டுப் போயிடுவினம், அப்பிடிச் செய்தா ஈக்குவலைசேஷன் ஓஃப்பில கிடக்கோ எண்டு முன்னாலயே கேளுங்கோ, அது ஈயப் பட்டரிக்குரிய கூடின சார்ஜ், லித்தியத்துக்குக் கூடாது. என்ன பிழை எண்டதை பில்லில எழுதி வாங்குங்கோ, கழட்டின சாமானைக் குடுத்துவிடாதேங்கோ. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நம்பர் 1977, முறைப்பாடு எழுத்தில, மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும்.

நான் குடுத்திட்டன். நேற்று கடையில இருந்து கோல், "அக்கா அரைவாசிக் காசு தாறம், இதோட விடுங்கோ" எண்டினம். சரி, அந்த மொடல் வாங்கின மற்றாக்களுக்கும் ஒரு மெசேஜ் போடுங்கோ, அதுக்குப் பிறகு காசைக் கதைப்பம் எண்டன். ஃபோனை வச்சிட்டினம்.