தண்ணீர்த் தொட்டிக்கு வைஃபை: கீழக்கரை வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

காவிரி கூட்டுக் குடிநீர் வரும்போது தரைக்கீழ்த் தொட்டியில் பிடித்து வைத்து, மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏற்றுவதே எங்கள் தெருவில் வழக்கம். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் கீழக்கரையில், நிரம்பி வழியும் தொட்டி வீட்டுச் சண்டைக்குப் போதிய காரணமாகும். இதைத் தவிர்க்கவே, மாடித் தொட்டியில் நீர்மட்டத்தை அறியும் ஓர் உணரியும் மோட்டார் அருகே ஒரு சுவிட்சுமாக இரண்டு பகுதிகள் கொண்ட வைஃபை கருவியை வாங்கினோம்.

அதன் பயனை மறுக்க முடியாது. முழங்கால் வலியால் படியேற இயலாத உம்மா, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார். துபாயில் இருக்கும் காக்காவும் (அண்ணன்) பார்க்கிறார்; பார்ப்பதோடு நில்லாமல் அங்கிருந்தே அறிவுரையும் சொல்கிறார் என்பது தனிக்கதை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தொட்டி நிரம்பும் வேளையில் வேண்டுமென்றே ரூட்டரை அணைத்துப் பார்த்தபோது, மோட்டார் நிற்காமல் ஓடித் தண்ணீர் வழிந்தது. மாடியில் உள்ள உணரி சொல்லும் செய்தி, நேரே கீழே வராமல், இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து சுவிட்சுக்குத் திரும்பி வருவதே இதற்குக் காரணம். ஒரே வீட்டின் மாடிக்கும் தரைக்கும் இடையே இத்தனை நீண்ட பயணம் எதற்கு என்பதற்கு விற்பனையாளரிடம் பதில் இல்லை. அந்தச் சர்வர் என்றும் இயங்கும் என்ற உறுதியும் கிடையாது. இத்தகைய வீட்டுத் தானியங்கிக் கருவிகளை விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்தியபோது, அதன் வாடிக்கையாளர்களின் செயலிகள் பயனற்றுப் போயின.

ஆகவே நீர்மட்டத்தோடு உயரும் மிதவையால் இயங்கும் மிதவை சுவிட்ச் ஒன்றையும் மோட்டார் இணைப்பில் தொடராகப் பொருத்தச் செய்தோம். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி நிரம்பினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்சாரம் திரும்பியதும் சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று செயலியில் கேட்கும் அமைப்பில் ‘அணைந்த நிலை’யையே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையெனில் மின்வெட்டு முடிந்தவுடன், தரைத்தொட்டி காலியாக இருந்தாலும் மோட்டார் ஓடத் தொடங்கலாம்.

பொருத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. இக்கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணைகிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் செல்லும்போது சிக்னல் மிகவும் குறைகிறது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், சுவிட்சை நேரடியாக இணைக்காமல் காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்ச்) வழியாக இணைப்பதே பாதுகாப்பானது. கடற்காற்றின் உப்பு செம்பு முனைகளில் பச்சையாகப் படிவதால், மாடிப் பெட்டியின் கம்பி நுழையும் துளைகளை ரப்பர் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

கருவியில் ஆலையிலேயே வைத்து அனுப்பும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுக்கும் மென்பொருள்) உலகெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, மாற்றப்படாத அத்தகைய கடவுச்சொற்களால்தான்.

வீட்டில் எந்நேரமும் ஆள் இருப்பவர்களுக்கு மிதவை சுவிட்சே போதும். முதியவர் தனித்திருக்கும் வீட்டுக்கு இரண்டையும் சேர்த்து வாங்கலாம்; ஆனால் மிதவையை முதலில் பொருத்துங்கள்.